பிக்கிள்ஸ் படிக்கக் கூடாத கடிதம்

மே மாதம் பன்னிரண்டாம் தேதி அந்த மின்னஞ்சல் வந்தது. வெனாகா கோடை முகாமின் சாப்பாட்டுக் கூடத்துக் கூரை, குளிர்காலம் முழுக்கப் பனியைச் சுமந்து இற்றுப்போயிருந்ததாம். ஏப்ரல் மழையில் மொத்தமாகக் கீழே வந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. இந்தக் கோடையில் முகாமும் இல்லை.

"சரி," என்றாள் என் மகள் லினியா. ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கை நிற்கக்கூட இல்லை.

நான் கார் நிறுத்தும் ஷெட்டுக்குப் போய் அழுதேன்.

அந்த முகாமுக்கு முதல் முறையாகப் போக வேண்டியவள் அவள்தான். பதினொரு வயது. நான் அங்கே ஏழு கோடைகள் சிறுமியாகவும், நான்கு கோடைகள் சிறுமிகளைப் பார்த்துக்கொள்ளும் முகாம் அக்காவாகவும் இருந்தவள். ஏரித் தண்ணீரின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஆனால் நான் அழுதது அதற்காக மட்டுமல்ல.

பிப்ரவரியில் என் கணவர் கர்ட் வீட்டைவிட்டுப் போனார். வடக்கே நாலு மணி நேரப் பயணம், டுலூத் நகரம். அங்கே ஏரியைப் பார்த்தபடி ஒரு சின்ன அடுக்குமாடி வீடு. சண்டையெல்லாம் அதற்கு முன்பே தீர்ந்து, பேச ஒன்றுமில்லாமல் போயிருந்தது. லினியா விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது எந்த வீட்டில் இருப்பது என்று அவளே சொல்லட்டும். ஜூலை முடிவதற்குள் சொன்னால் போதும். அதுவரை யாரும் அவளைத் துருவக் கூடாது.

துருவவில்லை. ஆனால் கணக்குப் போட்டேன். ஜூலையில் இரண்டு வாரம் அவள் முகாமில் இருப்பாள். முதல் முறை போகிற எந்தப் பிள்ளையும் மூன்றாம் நாள் வீட்டை நினைத்து ஏங்கும். தன் கட்டில், தன் தட்டு, தன் அம்மா. எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்! அந்த ஏக்கத்தோடு பேருந்திலிருந்து இறங்குகிற பெண், டுலூத்துக்குப் போகிறேன் என்று சொல்லுமா?

அந்தக் கூரையோடு என் கணக்கும் விழுந்தது.

ஜூன் கடைசியில் முகாமிலிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. 'வீட்டிலேயே முகாம்: செய்து பார்க்க இருபது யோசனைகள்.' கொல்லையில் கூடாரம் அடிக்கலாம், இலைகளை அச்சு எடுக்கலாம், நெருப்பில் மார்ஷ்மெல்லோ வாட்டலாம் என்று படத்தோடு போட்டிருந்தார்கள். எனக்கு இருபது போதவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் நாற்பத்திரண்டு எழுதிவிட்டேன். பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை. ஜூலை முழுக்க விடுமுறை. இரண்டு வாரம், காலை ஏழேகால் முதல் ராத்திரி ஒன்பது வரை, கால் மணி நேரம்கூடச் சும்மா விடாத அட்டவணை. முகாம் வராவிட்டால் என்ன, முகாமை நானே கொண்டுவருகிறேன். இப்படி ஒரு கோடையைக் கொடுத்த அம்மாவை விட்டு எந்தப் பிள்ளை போகும்?

ஜூலை ஏழு, திங்கட்கிழமை. கொல்லையில் கூடாரம், கொடிக்கம்பம், வேலைப் பங்கீட்டுக்கு அட்டையில் வெட்டிய சக்கரம், இடுப்பளவு ஆழத்தில் ஒரு ரப்பர் நீச்சல் தொட்டி. எதிர்வீட்டு ஹோடானும் சேர்ந்துகொண்டாள். சோமாலியக் குடும்பம், லினியாவின் வகுப்புதான். ராத்திரி தூங்க மட்டும் தன் வீட்டுக்குப் போவாள். வாய் ஓயாது.

"இங்க என் பேரு மார்னி இல்ல," என்று ஆரம்பித்தேன். "முகாம்ல அக்காங்களுக்கெல்லாம் வேற பேரு. என் பேரு பிக்கிள்ஸ்."

"ஊறுகாயா?" என்றாள் ஹோடான்.

"முதல் நாளே ஒரு பாட்டில் ஊறுகாயக் காலி பண்ணிட்டேன். அன்னைக்கு வெச்ச பேரு."

"நல்லவேளை, கோழிய முழுசா முழுங்கல."

லினியா சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப ரெண்டு வாரத்துக்கு அம்மா இல்லையா?"

"அம்மா வீட்டுல இருக்கா. இது முகாம்."

"சரி, பிக்கிள்ஸ்," என்றாள். "செருப்ப எங்க விடணும்? சொல்லுங்க."

'சொல்லுங்க' என்றாள். ஆட்டத்துக்குள் வந்துவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷம்.

கைபேசிகளை ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு மூடினேன். முகாமில் கைபேசி கிடையாது. பிறகு தொட்டியில் இறக்கிவிட்டேன். வெனாகாவில் தண்ணீரில் இறங்குகிற எல்லோருக்கும் ஒரு ஜோடி உண்டு. விசில் கேட்டதும் ஜோடிகள் கையைக் கோத்து மேலே தூக்கி, வரிசையாக எண் சொல்ல வேண்டும். நான் விசில் ஊதினேன்.

"ஒண்ணு!" என்று இருவரும் கையைத் தூக்கினார்கள். அதோடு எண்ணிக்கை முடிந்தது.

"பிக்கிள்ஸ், நாங்களே ரெண்டு பேரு. தண்ணி என் இடுப்பு வரைக்கும்தான். நாங்க எங்க போய்த் தொலைவோம்?" என்றாள் ஹோடான்.

பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஊதினேன். மூன்று வீடு தள்ளி ஒரு நாய் பதில் சொல்ல ஆரம்பித்தது.

முகாம் அக்காக்களுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். வீட்டை நினைத்து அழுகிற பிள்ளையை எப்படிச் சமாளிப்பது என்று. 'உங்க அம்மாவும் உன்னைத் தேடுவாங்க' என்று வாய் தவறியும் சொல்லாதே. முதல் வாரம் வீட்டோடு பேச விடாதே. குரலைக் கேட்டால் ஏக்கம் இரண்டு மடங்காகும். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் முகம் வாடும். அந்த நேரத்தில் வேலை கொடு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏங்குகிற பிள்ளையின் கையைச் சும்மா விடாதே. வெனாகாவில் இதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தக் கூடாரத்தில் யார் அழுதாலும், 'பிக்கிள்ஸைக் கூப்பிடு' என்பார்கள். ஐந்தே நிமிஷத்தில் அழுத பிள்ளை நூல் பின்னிக்கொண்டிருக்கும்.

செவ்வாய்க்கிழமை காற்றில் கூடாரம் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் முளைக்குச்சியை அடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா கட்டினா சாயாது," என்றாள் லினியா, தனக்குத்தானே சொல்கிறவள் மாதிரி. பிப்ரவரிக்குப் பிறகு அவளாக அப்பாவைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

என் கை பைக்குள் போனது. நீலமும் மஞ்சளுமாக நூல் எடுத்தேன். "இங்க வா, புதுசா ஒரு காப்பு முடிச்சுக் கத்துத் தரேன். மீன்முள் முடிச்சு. ரொம்பக் கஷ்டம், உனக்கு வருதான்னு பாப்போம்."

வாங்கிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் முழங்கை நீளம் பின்னிவிட்டாள். ஐந்து நிமிஷம், அதே பழைய கைராசி என்று எனக்குள் ஒரு பெருமிதம்.

வியாழக்கிழமை மத்தியானம் சமையலறைத் தொலைபேசி அடித்தது. கர்ட்.

"அவ கைபேசி நாலு நாளா அணைஞ்சே கெடக்கு. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கா. முகாம்ல இருக்கா."

"முகாம்தான் இல்லன்னு சொன்னாங்களே?"

விளக்கினேன். முதல் வாரம் பேச்சு கிடையாது என்பதையும் சொன்னேன். "வேணும்னா லெட்டர் போடு. தினம் தபால் குடுப்போம்."

"மார்னி, அது நம்ம வீட்டுக் கொல்லை."

"இப்ப அது என் கொல்லை."

"சரி, உன் கொல்லையாவே இருக்கட்டும். ஜன்னலைத் தொறந்து ஒரு சத்தம் குடுத்தா அவ வந்துருவா. நான் அவ அப்பா. எம் பொண்ணுகிட்டப் பேச ஊறுகாய்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

"விதின்னா எல்லாருக்கும் விதிதான் கர்ட். ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் கூப்பிடு," என்று வைத்துவிட்டேன்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. வெளியே பார்த்தேன். இலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அவள் நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று வேறு நினைத்தேன். அன்றைக்கு ஆறு மணிக்கு இருந்த 'ஓய்வு' என்ற ஒரே வரியையும் அட்டவணையில் அடித்துவிட்டு, 'மூட்டை கட்டும் போட்டி' என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

வெனாகாவில் ஞாயிறு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நுழைவுச்சீட்டு உண்டு. வீட்டுக்கு எழுதிய கடிதம். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் அக்கா ஒரு சாக்குப் பையோடு நிற்பாள். கடிதத்தைப் போட்டால்தான் தட்டு. இல்லாவிட்டால் பெற்றோருக்கு ஒரு வரிகூட வராது, பிள்ளைகள் அத்தனை சோம்பேறிகள். இன்னொரு விதியும் உண்டு, கல்லில் எழுதின மாதிரி. ஒட்டின உறையை அக்கா பிரிக்கவே கூடாது. உள்ளே அவளையே திட்டி எழுதியிருந்தாலும் சரி, பையோடு தபாலுக்குப் போய்விட வேண்டும்.

நான் பொரித்த கோழியும் சோளக்கதிரும் வைத்திருந்தேன். ஹோடானின் அம்மா சாஹ்ரா, எங்கள் வீட்டுக் கோழி ஹலால் இல்லை, தன் மகள் தொடமாட்டாள் என்று ஒரு தட்டு நிறையச் சூடான சம்பூசா, அவர்கள் ஊர்ச் சமோசா, கொடுத்தனுப்பியிருந்தார். சாக்குப் பைக்குப் பதில் ஒரு தலையணை உறையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

ஹோடான் தன் கடிதத்தைச் சத்தமாகவே படித்தாள். "அன்புள்ள ஹூயோ, நான் நலம். உன்னை ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டேதான் எழுதுறேன். அடுப்புல ஏதோ கருகுது. திரும்பிப் பாரு. இப்படிக்கு, உன் மகள்." அவள் அம்மாவை 'ஹூயோ' என்றுதான் கூப்பிடுவாள். "முடிஞ்சுது. தட்டக் குடுங்க."

லினியா கூடாரத்தைவிட்டு வரவில்லை. சோளம் ஆறிப்போனது. முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். கையில் இருந்த உறை தடித்திருந்தது; மூன்று தாளாவது இருக்கும். முகவரியைப் பார்த்தேன். டுலூத் என்று இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. மார்னி டாஃப்ட், எங்கள் தெரு, எங்கள் கதவு எண்.

"அட, எனக்கா!" என்று கையை நீட்டினேன்.

உறையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "உங்களுக்கு இல்ல. அம்மாவுக்கு."

"நான்தானே..."

"நீங்க பிக்கிள்ஸ். பிக்கிள்ஸ் படிக்கக் கூடாது. நீங்கதானே சொன்னீங்க, திட்டி எழுதியிருந்தாக்கூடப் பிரிக்கக் கூடாதுன்னு?"

"திட்டி எழுதியிருக்கியா?"

"தபால்ல போடுங்க," என்றாள். தலையணை உறைக்குள் கடிதத்தைப் போட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

"பிக்கிள்ஸ், இது கொஞ்சம் பைத்தியக்காரத்தனமா இல்ல?" என்றாள் ஹோடான், சம்பூசா வாயோடு. "கவர்ல இருக்கற ஆளு நீங்க. தபால்காரரும் நீங்க. பிரிச்சுப் படிச்சிட்டு மறுபடி ஒட்டிருங்க. எங்க மாமா ஒருத்தர் அப்படித்தான் செய்வாரு."

"வெனாகால அந்த மாதிரி யாரும் செய்ய மாட்டாங்க," என்றேன்.

சாப்பாடு முடிந்ததும் தெருமுனைக்கு நடந்தேன். நீலத் தபால்பெட்டியின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். எடையைக் கையில் போட்டுப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். 'அப்பா' என்று ஒரு சொல் தெரிந்த மாதிரி இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. முடிவைத்தான் எழுதியிருக்கிறாள். வேறென்ன, மூன்று தாளுக்கு? பிரித்தால் ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும். அக்காவாக இருந்த நான்கு கோடையில் ஆயிரம் கடிதம் தபாலில் சேர்த்திருக்கிறேன், ஒன்றைப் பிரித்ததில்லை. கடிதத்தை விட்டேன். உள்ளே தட்டென்று விழுந்தது.

எங்கள் ஊர்க் கடிதம் எங்கள் ஊருக்கே வருவதானாலும் செயின்ட் பால் நகரம் வரை போய்த்தான் திரும்பும். திங்கள் போயிற்று. செவ்வாய் தபால் வருகிற நேரத்துக்கு வில்வித்தை வகுப்பை முன்வாசலுக்கு மாற்றினேன். தபால்காரி லோரெய்ன் அம்புக்குப் பயந்து புல்வெளிக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்தினாள்.

"லெட்டர் ஒண்ணு எதிர்பாக்குறேன்," என்றேன்.

"எங்கேருந்து?"

"இங்கேருந்து."

"இங்கேருந்து எங்க?"

"இங்கதான்."

லோரெய்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மார்னி, வெயில் ரொம்ப அடிக்குது. உள்ள போய் ஒரு கிளாஸ் எலுமிச்சைத் தண்ணி குடி."

புதன்கிழமையும் வரவில்லை. அந்த மூன்று நாளும் லினியா சொன்னதையெல்லாம் செய்தாள். கொடி ஏற்றினாள், பாத்திரம் கழுவினாள், துடுப்புப் பிடிக்கப் பழகினாள். கேட்டால் பதில் சொன்னாள். "நல்லா இருந்துச்சு, பிக்கிள்ஸ்." "தேங்க்ஸ், பிக்கிள்ஸ்." ஒரே தோட்டத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, அவள் எழுதிய ஒன்றுக்காக நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளைத் தேடியது எனக்கு. எதிரில் உட்கார்ந்து என் கையால் சாப்பிடுகிறவளை எப்படித் தேடும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தேடியது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்தது. "உன்கிட்டேருந்து உனக்கு," என்று லோரெய்ன் கையிலேயே கொடுத்தாள். பிள்ளைகளைச் சாக்லேட் பிஸ்கட் அடுக்கச் சொல்லிவிட்டு, காருக்குள் போய் உட்கார்ந்து பிரித்தேன்.

'அன்புள்ள அம்மா,

முகாம் பரவாயில்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது. ஹோடான்தான் என் ஜோடி. இரண்டு தடவை அவளைக் காப்பாற்றினேன், தண்ணீர் இடுப்பு வரைதான்.

எங்கள் அக்கா பெயர் பிக்கிள்ஸ். நல்லவள். ஆனால் அவளிடம் எதுவும் சொல்ல முடியாது. ஏதாவது சொன்னால் உடனே நூல் எடுத்துக் கொடுக்கிறாள். செவ்வாய்க்கிழமை அப்பாவைப் பற்றிப் பேச நினைத்தேன், காப்பு பின்ன வேண்டியதாகிவிட்டது. என்னிடம் இப்போது எட்டுக் காப்பு இருக்கிறது. இன்னும் சொன்னால் கை முழுக்க ஆகிவிடும்.

அம்மா, வியாழக்கிழமை அப்பா கூப்பிட்டார். ஜன்னல் திறந்திருந்தது. பிக்கிள்ஸ் என்னைக் கூப்பிடவில்லை. அவளுக்கு விதி இருக்கிறது. நீ இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். கூப்பிட்டிருப்பாயா?

எனக்கு வீட்டு ஏக்கம். ஆனால் நான் வீட்டில்தான் இருக்கிறேன், அதனால் இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பிப்ரவரியிலிருந்தே இருக்கிறது. நீ அப்போதிலிருந்தே கொஞ்சம் பிக்கிள்ஸ் மாதிரிதான் இருக்கிறாய். சனிக்கிழமை பனிச்சறுக்கு, ஞாயிற்றுக்கிழமை கேக், எல்லாம் நன்றாக இருந்தது. கோபப்படாதே.

ஜூலை விஷயம் முடிவு எடுத்துவிட்டேன். கடிதத்தில் எழுத மாட்டேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னும் ஏழு நாள் முகாம் இருக்கிறது. அதற்கு முன்னால் வர முடியுமா?

அன்புடன், லினியா.'

கடைசித் தாளில் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் வீட்டை வரைந்திருந்தாள். ஜன்னலில் ஒரு ஆள், கொல்லையில் ஒரு கூடாரம். ஜன்னல் ஆளுக்கு முகம் போடவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. ஹோடான் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள். "பிக்கிள்ஸ், பிஸ்கட்டு உருகுது. நீங்களும்தான்."

"ஹோடான், இன்னைக்கு மத்தியானம் உங்க வீட்டுக்குப் போறியா, கண்ணு?"

என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். தெருவைத் தாண்டிப் போய்விட்டாள்.

லினியா கூடாரத்துக்குள் மல்லாந்து கிடந்தாள். நான் குனிந்து உள்ளே போனேன். முழங்காலை மடித்து உட்கார்ந்தேன்.

என்னைக் கவனமாகப் பார்த்தாள். "இப்ப யாரு?"

"அம்மா."

"லெட்டர் வந்துச்சா?"

"இப்பத்தான்."

"கோவமா?"

"இல்லடி. கூப்பிட்டிருக்கணும். அன்னைக்கு ஜன்னலத் தொறந்து உன்னைக் கூப்பிட்டிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன்."

கூடாரத் துணியில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது, அதையே பார்த்தாள். பழைய முகாம் பழக்கம், என் விரல்கள் தாமாகவே பைக்குள் நுழைந்தன. அங்கே நூல்கண்டு இருந்தது. விட்டுவிட்டேன்.

"சொல்லட்டுமா?" என்றாள்.

"சொல்லு."

"டுலூத்." சொல்லிவிட்டு எறும்பிடமிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தாள். கடிதத்தில் எழுதின மாதிரியே பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பவில்லை.

"அப்பாவ அதிகமாப் புடிக்கும்னு இல்ல," என்றாள் அவசரமாக. "அவரு சமைக்கிறது உவ்வே. மூணு வேளையும் கார்ன்ஃப்ளேக்ஸ்தான். ஆனா அங்க போனா நாங்க ஒண்ணும் பண்றதில்ல அம்மா. சும்மா ஏரியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். ஈஸ்டருக்குப் போனப்ப நான் அழுதேன். ரொம்ப நேரம் அழுதேன். அவரும் ஒண்ணும் பண்ணல. பக்கத்துல இருந்தாரு. அவ்ளோதான்."

"இங்க அழலாமே. நான் வேணாம்னு சொன்னேனா?"

"நேரமே இல்லியே," என்றாள்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அட்டவணையைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்கிற குரல்.

"நான் மாத்திக்கிறேன், லினியா. இப்பவே அந்த அட்டவணையக் கிழிச்சுப் போடுறேன். வேற மாதிரி இருக்கேன், பாரு."

"தெரியும். இருப்பே." என் முழங்காலில் கையை வைத்தாள். "ஆனா நான் போகணும் அம்மா. ஒரு வருஷம். நீ மாறினா நான் போகலன்னு சொல்லி வெச்சா, அப்புறம் நீ அதுக்காகத்தான் மாறுறியான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். அது வேணாம்."

பதினொரு வயதுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு? எட்டுக் காப்பு பின்னின நேரத்தில் யோசித்திருப்பாள். நான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். என்னைத் தேற்றவில்லை, தண்ணீர் கொண்டுவரவில்லை. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வெயில் கூடாரத்தைச் சுட்டது. இருவருக்கும் வியர்த்து ஊற்றியது. நாலு மணி வரை அப்படியே இருந்தோம்.

அப்புறம் செருப்புப் பெட்டியைத் திறந்து கைபேசியை அவளிடம் கொடுத்தேன். "அப்பாவுக்கு நீயே சொல்லு," என்று உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தேன். தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டேன், அவள் பேசுவது காதில் விழாமல் இருக்க.

ஆகஸ்ட் கடைசி வாரம், சனிக்கிழமை, கொண்டுபோய் விட்டேன். பின்சீட்டில் நாலு பெட்டி, ஒரு விளக்கு, சுருட்டின போர்வை. ஹோடான் வழியனுப்ப வந்து, "டுலூத்துல ஜூலைலகூடப் பனி பெய்யுமாமே, நீ உறைஞ்சு போனதும் உன் சைக்கிள நான் எடுத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். வழியில் லினியா கொஞ்ச நேரம் தூங்கினாள். ஊர் நெருங்கியதும் சாலை மேட்டில் ஏறி இறங்கும். அங்கே சட்டென்று ஏரி தெரியும், கடல் மாதிரி, அக்கரை இல்லாமல். "அதோ," என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. கேட்டுக்கொண்டேன்.

கர்ட் இருக்கிற கட்டடத்துக்கு எதிரில் வண்டியை நிறுத்தினேன். பெட்டிகளை இறக்கலாம் என்று கதவில் கை வைத்தேன். எதை முதலில் எடுப்பது, எதை எந்த அறையில் வைப்பது என்றுகூட மனதுக்குள் வரிசை போட்டுவிட்டேன்.

"இரு," என்றாள் லினியா. "அஞ்சு நிமிஷம்."

"என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்."

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். மூன்றாம் மாடி ஜன்னலில் கர்ட் நின்றார். எங்களைப் பார்த்தார். கையை அசைக்கப் போய், பாதியில் நிறுத்தி இறக்கிக்கொண்டார். கீழே இறங்கி வரவும் இல்லை. அந்த மனுஷனுக்கு இது எப்படித் தெரிந்தது, எனக்கு ஏன் தெரியவில்லை என்று நினைத்தேன். ஏரிக்காற்று குளிராக உள்ளே வந்தது. லினியா தலையை என் தோளில் சாய்த்தாள். அவள் முடியில் வண்டித் தூசியும் காலையில் போட்ட சோப்பும் கலந்து ஒரு வாசனை. நான் பேசவில்லை. தலையைத் தடவக்கூட இல்லை. ஐந்து நிமிஷம் பத்தானது.

"சரி," என்றாள். நிமிர்ந்தாள். "விளக்க மட்டும் நீ எடுத்துட்டு வா. மத்ததுக்கு அப்பா இறங்கி வருவாரு."

கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.